கூனிப்பொடி பிஸ்கட்டும் இருளம்மாளின் காப்பும்

அன்பு மகள் கோகிலாவுக்கு,

அய்யா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கு சுகம்தான், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பொழுது சாயும்போது தலைகாட்டுகிறது, தைலம் தேய்த்தால் அடங்கிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி யாழினியும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது எங்கள் வேண்டுதல். உன் பெரியப்பா மகன் தங்கப்பாண்டிக்குக் கமுதிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன், அய்யாவுக்கு உடம்புக்கு என்ன என்று நீ கேட்டாயாம். உடம்புக்கு ஒன்றுமில்லையம்மா. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து உனக்கு இன்றே அனுப்பிவிடுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள், தாள் தபாலில் பின்னால் வரும்.

நீ வாங்கி அனுப்பிய அடுப்பில் நான் செய்துபார்த்த கூத்தையெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஓமம் போட்ட சாக்லேட் கேக்கை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனதும், கறிவேப்பிலையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்த பிஸ்கட்டைத் தபால்காரர் கேட்டு வாங்கித் தின்றதும் உனக்குத் தெரியும். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு திரும்பவும் ஒரு ஆய்வுக்கூடம் கிடைத்த மாதிரி இருந்தது. கடைசியாகக் கைகூடியதுதான் அந்தக் கருப்பட்டி பிஸ்கட். கருப்பட்டி, குண்டு மிளகாய் வத்தல், தங்கச்சிமடத்திலிருந்து என் பழைய மாணவன் கொண்டுவந்து கொடுத்த கூனி இறால் கருவாட்டை வறுத்து இடித்த பொடி. இனிப்பும் காரமும் எல்லாருக்கும் புரிந்துவிடும், மூன்றாவது என்ன என்பதுதான் யாருக்கும் பிடிபடாது. பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் உப்புத் தெரியாது, இனிப்புத்தான் எடுப்பாகத் தெரியும், அதைப் போலத்தான் இதுவும். கருவாட்டு வாசமே வராது. வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றைக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்பது எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. செய்முறையை உனக்கும் சொன்னேன், நீயும் உன் சந்தைக் கடையில் 'அய்யாவின் ரகசியம்' என்று பெயர் எழுதி வைத்து விற்கப் போவதாகச் சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த ஆடியில் நம் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் தெருவில் ஒரு வீட்டிலும் மீன், கறி கிடையாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அம்மா மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள், வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் முதல் நாளே கொடுத்துவிட்டாள். பிஸ்கட் டப்பா மட்டும் என் மேசைமேல் இருந்தது. அம்மாவுக்கு அதில் கூனி இருப்பது தெரியும், ஆனால் டப்பாவில் மிச்சம் இருப்பது தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அது கருவாடு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இதை எப்படி விளங்கவைப்பது, சர்க்கரையைக் கரைத்துவிட்டால் தண்ணீர்தான் கண்ணுக்குத் தெரியும், சர்க்கரை தெரியாது. பல மாதம் அதைச் சுவை, சுவை என்றே பேசிப் பேசி என் மண்டைக்குள் அது கடலில் பிடித்த ஒரு உயிர் என்பதே கரைந்துபோயிருந்தது.

உன்னோடு படித்த பானுப்பிரியாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது உனக்குத் தெரியும். இப்போது ஐந்தாம் மாதம். மகளுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அவள் அம்மா இருளம்மாள் முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்து, காப்புக் கட்டி, ஒருவேளைச் சோற்றோடு விரதம் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் முளைப்பாரிக்கு ஆட்டு உரம் இருக்கிறதா என்று கேட்டு நம் வீட்டுக்கு வந்தாள். நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்றைத் தின்றவள், ஆத்தாடி, இது நாக்குலயே நிக்குது சார் என்றாள். இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். பானுவுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, இதைக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் வழக்கம்போலக் கேட்டேன். எள்ளா, வறுகடலையா, என்னமோ வறுத்த வாசமா வருதே என்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். கவுச்சி கிவுச்சி எதுவும் சேத்துப்புடலையே சார், கையில காப்பு இருக்கு என்று கேட்டாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் வாயில் ரெண்டாவது பிஸ்கட் பாதி போய்விட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும், துப்பிவிடம்மா, வாயைக் கொப்பளி, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். பிஸ்கட்டில் எவனாவது கவுச்சி போடுவானா இருளம்மா என்று சொன்னேன். அவளும் அதானே என்று சிரித்துக்கொண்டே உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளை வருத்தப்பட வைக்கக் கூடாது என்று சொன்னதாகப் பிறகு எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன், அது பொய். தெருவில் சார் என்று கூப்பிடும் ஒரு பெண் முன்னால் நான் முட்டாளாக நிற்கக் கூடாது என்பதுதான் உண்மை.

நாலைந்து நாளில் பேச்சுக் கிளம்பியது. முளைப்பாரி வளர்க்கும் அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது, அதனால் எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். மற்றவர்களின் முளைப்பாரி மண் ஓட்டில் பயறு முழங்கை உயரம் வந்துவிட்டதாம், இருளம்மாள் ஓட்டில் மட்டும் ஒரு பக்கம் முளைக்காமல் அழுகிப்போனதாம். எவளோ சுத்தக்குறைவா இருந்திருக்கா என்று கும்மிக்கு வந்த பெண்கள் காதுபடப் பேசினார்களாம். நான் என்ன கொற வச்சேன் ஆத்தா, எம்மகளுக்கு எதுவும் காட்டிராத என்று அறை வாசலில் உட்கார்ந்து இருளம்மாள் அழுதாளாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். டப்பாவைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அம்மா சத்தம்போடவில்லை. போங்க, தண்ணி கூடிப்போயி வேர் அழுகிருச்சுன்னு ஒங்க விஞ்ஞானத்தச் சொல்லிட்டு வாங்க என்று குத்திக்காட்டினாள். அதைத்தான் சொல்லலாம் என்று நானும் நினைத்திருந்தேன் கோகிலா. தண்ணீர் கூடித்தான் அழுகியிருக்கும். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன். இருளம்மாள் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், பானு கட்டிலில் படுத்திருந்தாள். கூனி என்று நான் சொன்னதும் முதலில் மகளைத்தான் திரும்பிப் பார்த்தாள். எனக்கென்னம்மா, நான் காப்பா கட்டிருக்கேன் என்றாள் பானு. பிறகு இருளம்மாள் கீரையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னது இது. நெனப்பு மறந்து குடுத்தீக, அது எல்லாருக்கும் வாரதுதான் சார், ஆனா நான் கேட்டேன்ல, கேட்டதுக்குச் சிரிச்சீகளே, அதுக்குத்தான் எனக்கு மனசு ஆறல. சொல்லிவிட்டு எழுந்து, பரிகாரம் கேட்கக் கோயிலுக்குப் போனாள்.

பூசாரி காளிதாஸ், தலைக்குத் தண்ணீர் ஊற்றி மஞ்சள் காப்புக் கயிறு மாற்றிக் கட்டிக்கொள்ளட்டும், முளைப்பாரி எடுக்கலாம், வரிசையில் கடைசியாக வரட்டும் என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் என்னைப் பார்த்தால், சார், இன்னைக்கு என்ன பொடி என்று கேட்டுவிட்டுப் பெண்கள் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அது எனக்கு வேண்டியதுதான். முளைப்பாரி ஊருணிக்குப் போன அன்று நம் வீட்டு வாசலில் அம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்று ஒவ்வொருத்தி காலிலும் ஊற்றினாள். கடைசியில் இருளம்மாள் தலையில் அந்த ஒரு பக்கம் வெறிச்சோடிய ஓட்டோடு வந்தாள், பூவைச் சுற்றி அந்த இடத்தை மறைத்திருந்தாள். நீங்க ஊத்துங்க என்று அம்மா குடத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் குனிந்தேன். இருளம்மாள் நிற்கவில்லை. தண்ணீர் வெறும் ரோட்டில் விழுந்தது. அம்மா குடத்தை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிப் போய் ஊற்றினாள், அம்மாவுக்கு மட்டும் நின்றாள்.

ஆகையால் கோகிலா, உன் கடையில் அந்தப் பெயரை இன்றே எடுத்துவிடு. எதையும் எதோடும் சேர்த்துச் செய்து பார், அதில் தப்பில்லை, நீ எனக்குக் காட்டித் தந்த சந்தோஷம் அது. ஆனால் உள்ளே இருப்பதை வெளியே பெரிய எழுத்தில் எழுது, கருவாடு என்றால் கருவாடு என்றே எழுது. பெயர் ஒட்டாத குடுவையை ஆய்வுக்கூடத்தில் தொட்ட பையன்களை நான் வெளியே நிற்க வைத்திருக்கிறேன். உன் கடைக்கு வருகிறவருக்கு ஒவ்வாமை இருக்கலாம், நோன்பு இருக்கலாம், சொல்ல விரும்பாத நேர்ச்சை இருக்கலாம், சும்மா பிடிக்காமலும் இருக்கலாம். அவர்கள் கேட்டால் விளையாட்டுக் காட்டாதே. கேட்காவிட்டாலும் நீயாகச் சொல்லிவிட்டுக் கையில் கொடு. விற்பனை குறைந்தால் குறையட்டும்.

யாழினிக்குக் காதை மூடித் தொப்பி போட்டுப் பள்ளிக்கு அனுப்பு. மாப்பிள்ளையை ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் ஒற்றுமையோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் இந்த வாரம் பானுப்பிரியாவுக்குப் போன் போட்டு உடம்பை விசாரி. இருளம்மாள் பக்கத்தில் இருந்தால் அவளிடமும் இரண்டு வார்த்தை பேசு. எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே, அது நான் கேட்க வேண்டியது, அவள் நிற்கிற அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அய்யா
முத்துகிருஷ்ணன்