மச்சம் இல்லாத அம்மா

என் மொட்டைத்தலை அம்மாவுக்கு,

இல்லை, அழவில்லை. மாமாவோடு சண்டை போட்டேன்.

காரியத்தன்று மாலை போடவென்று, முந்தின நாளே அன்னூர் ஸ்டுடியோவில் உன் படத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். கல்யாண ஆல்பத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு உடம்பில் ஒட்டியிருந்தார்கள். நிறம் வெளுத்திருந்தது. நீ உடுத்தாத ஊதாப் பட்டு. நம் வீட்டில் ஒருநாளும் இல்லாத காசுமாலை. மூக்கோரத்து மச்சத்தைக் காணோம். தூசி என்று நினைத்து அழித்துவிட்டாராம் ஸ்டுடியோக்காரர்.

"மாமா, இது யாருங்க?"

"ஏன் கண்ணு, உங்கம்மாதான். மகாலட்சுமியாட்ட இருக்குதல்ல?"

"மகாலட்சுமி இருக்குதுங்க. எங்கம்மாவைத்தான் காணோம்."

என் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். கடைசி கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் எடுத்தது. முடி இல்லை, புருவம் இல்லை, வாய் நிறையக் கொய்யா. "எடு கண்ணு, மண்டைல வெளிச்சம் நல்லா உழுகுது" என்றாயே, அது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மாமா மகள் எட்டிப் பார்த்தாள். "அன்ரெகக்னைசபிள்" என்றாள். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்றும் இதையேதான் சொன்னாள். உன் காதில் விழுந்ததா?

யாருக்கு அடையாளம் தெரியவில்லை? எழுந்து உட்கார என் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். ஒருநாளும் வேறு யாரையோ தூக்குவதாக எனக்குத் தோன்றியதில்லை.

அத்தை உதட்டைப் பிதுக்கினாள். "நெத்தி எது, மண்டை எதுன்னே தெரியல. பொட்டு எங்க வெக்கறது?"

"எங்க வெச்சாலும் ஒட்டுமுங்க அத்தை."

மாமாவின் குரல் இறங்கியது. "வர்றவங்கல்லாம் எங்கக்காளை இந்தக் கோலத்துல பாக்கோணுமா? எனக்குத் தாங்காது அம்மணி."

"இந்த ஒரு வருசமும் அம்மாதானுங்க மாமா. அதைக் கழிச்சுப்போட்டு என்னால கும்பிட முடியாதுங்க."

அவர் தான் கொண்டுவந்த படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். அவருக்கு என் மேல் கோபமா, உன் மேல் ஏக்கமா?

உன்னை அழகாக்க யாரையும் விடமாட்டேன் அம்மா. கல்யாணப் பெண்ணையும் வைத்துக்கொள்வேன், கொய்யா தின்றவளையும் வைத்துக்கொள்வேன். பின்னவளைத்தான் சுவரில் வைப்பேன்.

மாமா கொண்டுவந்த படத்தை அவர் காரிலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். கைப்பேசிப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கி வந்து, ஆணியில் மாட்டி, காரியத்தன்று அதற்கே மாலை போட்டேன். பிறகு, காரியத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாட்டு இலை போடப் போனேன்.

உன் ஒரே மகள்