ஏற்றத்தில் மட்டும் வந்த வலி

மதினி,

இன்று காலையில் பக்கத்து வீட்டில் ஓமம் கொதித்தது. அந்த வீட்டு மருமகளுக்கு வாயுவாம். ஜன்னலைச் சாத்தியும் வாசனை வந்துகொண்டேதான் இருந்தது. போன வருடம் நான் உங்களைத் தினமும் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன அதே தண்ணீர்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவள் நான். அது அலுத்துப்போய்ச் சொந்த ஊரான போடிக்கே திரும்பி, வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில் ஃபங்ஷனல் மெடிசின் படித்தேன். நோயை மட்டும் பார்க்காதே, ஆளை முழுசாகப் பார். உறக்கம், உணவு, மனசு, குடல் எல்லாம் விசாரித்து வேரைத் தேடு என்கிற படிப்பு. கடைசியில் யாராவது ஒருவரை மூன்று மாதம் கவனித்து எழுதித் தர வேண்டும். "எனக்குத்தான் நெஞ்சாங்குழி கரிக்குதே, என்னையவே எழுது தாயி" என்று நீங்களாக வந்தீர்கள்.

பங்குனியில் ஒரு நாள், மூன்று மணி நேரம் கேட்டேன். எத்தனை மாதம் தாய்ப்பால் குடித்தீர்கள், எந்த வயதில் பெரிய மனுஷி ஆனீர்கள், கடைசியாக எதற்கு அழுதீர்கள். "பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டுக் கேக்கல" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றுபோய், அண்ணனைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் ஒருத்தரும் உங்களை எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை என்றீர்கள். நானும் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டதும் படிப்புக்காகத்தான்.

அப்புறம் சொன்னீர்கள். "மாசியில கடைசிக் காயெடுப்புக்கு மலைக்கு, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனேன்ல, ஏத்தத்துல ஏறையில நெஞ்சாங்குழி கரிச்சு, தாடை வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருச்சு. செத்த உக்காந்தேன், விட்டுருச்சு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்? ஏறினால் வலி, உட்கார்ந்தால் இல்லை. படிக்காத ஜீப் டிரைவர்கூட நெஞ்சைக் காட்டிவிட்டு வா என்றிருப்பார். நான் கேட்டது, "ஏறுறதுக்கு முன்னால என்ன சாப்பிட்டீங்க?" பரோட்டா என்றீர்கள். அவ்வளவுதான், எனக்கு வேர் கிடைத்துவிட்டது.

ஆபத்தான நோய் இல்லை என்று முதலில் உறுதி செய், அப்புறம் வேரைத் தேடு என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். அதை அடிக்கோடு போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். படிப்பைக் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நீங்களே கேட்டீர்கள், "ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாத்துருவமா தாயி?" என்று. "வாயுவுக்கு எதுக்கு மதினி ஈ.சி.ஜி.?" என்றேன். "படிச்ச பிள்ள, நீ சொன்னாச் சரிதான்" என்று அந்தப் பேச்சை விட்டுவிட்டீர்கள். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பாலை நிறுத்தினேன். பரோட்டாவை நிறுத்தினேன். சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னேன். "அரைப் பரோட்டா. உங்க அண்ணன் மிச்சம் வச்சது, இது கணக்குல சேராது" என்று ஒரு நாள் எழுதியிருந்தீர்கள். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் ஒரு தடவைகூடக் கரிக்கவில்லை. அதைப் படமாக வரைந்து அனுப்பினேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் திரையில் காட்டிப் பாராட்டினார்கள். முழு மதிப்பெண் வந்தது. நீங்கள் எனக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தீர்கள், சர்க்கரை சேர்க்கலாமா என்று என்னிடமே கேட்டுக்கொண்டு.

வலி போனது என் வைத்தியத்தால் இல்லை மதினி. அந்த மூன்று மாதமும் காயெடுப்பு கிடையாது. நீங்கள் மலை ஏறவே இல்லை.

ஆடியில் முதல் காயெடுப்பு. குரங்கணிக்கு மேலே ஜீப்பை விட்டு இறங்கி ஏறத் தொடங்கியதும் ஒரு கல்லில் உட்கார்ந்தீர்களாம். "வாயுதான், இப்ப விட்டுரும். நீங்க நடங்க, வெரசா வர்றேன்" என்று கூட வந்தவர்களை முன்னால் அனுப்பினீர்களாம். வாயு என்கிற அந்தச் சொல்லை உங்கள் வாயில் போட்டவள் நான்.

அவர்கள் திரும்பி வந்து உங்களைத் தூக்கிப்போன ஆஸ்பத்திரியில், உயிர் இல்லை என்று சொன்ன டாக்டர் கேட்டார், "மாரடைப்பு. முன்னாடியே வலி இருந்திருக்குமே?" அண்ணன் சொன்னார், "இல்ல சார், வாயுத் தொந்தரவுதான். அதையும் எந் தங்கச்சி சரி பண்ணிருச்சு." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இப்போது என்னிடம் வைத்தியம் கேட்டு யார் வந்து நெஞ்சு கரிக்கிறது என்றாலும் முதலில் ஈ.சி.ஜி.க்கு அனுப்புகிறேன். விவரமான பிள்ளை என்கிறார்கள். அந்த விவரம் எனக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால் என் வீட்டு வாசலை மிதிப்பார்களா? என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணன் என்னைக் காட்டிச் சொந்தக்காரர்களிடம் சொன்னார். "இது மட்டும் பாக்காட்டி அவ இன்னும் வெள்ளனா, சித்திரையிலயே போயிருப்பா." அன்றையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார். அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது, அதைப் பிடுங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். எனக்குப் பயம்.

"செத்த உக்காந்தேன், விட்டுருச்சு" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அதை இறக்கிவைக்க எனக்கு இடமில்லை. நாளைக்கு உங்கள் முதல் வருசத் திதி. இலை போட்டதும் அண்ணன் மறுபடி அதையே சொல்வார். நான் மறுபடி பேசாமல்தான் இருப்பேன்.