கம்ப்யூட்டர் ரேட்டும் நிலா ரேட்டும்

23-10-2007, செவ்வாய். காலை 6.40. தூறல். பேமென்ட் கம்பெனியின் நிராகரிப்பு: மூன்றாவது.

செங்கம் ரோட்டில் மாமாவின் லாட்ஜ். அதற்கு வெப்சைட் செய்தது நான், சென்னை வேலையை உதறிவிட்டு. வெளியூர்க்காரர் அதிலேயே கார்டில் பணம் கட்டி ரூம் எடுக்கலாம். கம்பெனி அனுமதித்தால். அவர்கள் கேட்பது: விதிமுறைப் பக்கம், ரீஃபண்ட் பக்கம், கட்டண விவரம், நேரில் சரிபார்ப்பு. கேட்பதில் தப்பில்லை. தப்பு மாமாவிடம்.

"எதுக்குடா மாப்ளே இவ்ளோ? கார்டு நம்பரு, பின்னாடி இருக்கற மூணு நம்பரு, எல்லாம் போன்ல கேட்டு ரிஜிஸ்டர்ல எழுதிக்கலாமே?"

"அந்த மூணு நம்பரை எழுதி வெக்கவே கூடாது மாமா. வம்புல மாட்டிப்பீங்க."

கார்த்திகை தீபத்துக்குள் வெப்சைட் மூலம் ஒரு ரூமாவது போகவேண்டும். இல்லையென்றால் நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கவேண்டும். மாமா உத்தரவு.

மதியம். ஊட்டி ஓட்டல் ஒன்றின் பக்கங்களை அப்படியே நகலெடுத்துப் பெயர் மாற்றினேன். 'எல்லா நாளும் ஒரே கட்டணம். ரத்து செய்தால் முழுப் பணம் வாபஸ்.' படிக்க அழகு. அனுப்பியாயிற்று.

25-10, வியாழன். பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். குழாயில் தண்ணீர் இல்லை.

மாலை கண்ணாடிக்காரர் ஒருவர், கையில் ஃபைல், பின்னால் மனைவி. ரூம் கேட்டார். மாமா ரேட் சொன்னார்.

"உங்க வெப்சைட்ல இருக்கறதுக்கு மூணு மடங்கு சொல்றீங்களே?"

"அது கம்ப்யூட்டர் ரேட்டுங்க. இது நிலா ரேட்டு."

"கேன்சல் பண்ணா?"

"சாமி ஊருக்கு வர்றதை கேன்சல் பண்றதாவது! அட்வான்ஸ் வாங்குனா வாங்குனதுதாங்க."

"ரூம்ல குளிருக்கு ஹீட்டர் இருக்குன்னு போட்டிருக்கே?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஊட்டி!

அவர்தான் சரிபார்க்க வந்த கம்பெனி ஆள். கிரிவலத்தோடு சேர்த்து வேலையையும் முடிக்க வந்திருக்கிறார். போகும்போது என்னிடம்: "திருப்பித் தரமாட்டீங்கன்னா தரமாட்டோம்னே போடுங்க தம்பி. செய்யறதை எழுதணும். அவ்ளோதான்."

27-10, சனி. மழை. செய்வதை எழுதினேன். 'பௌர்ணமியன்று மூன்று மடங்கு. எக்காரணம் கொண்டும் பணம் திரும்பாது.' கீழே மாமா பெயர், போட்டோ.

படித்துவிட்டு மாமா உட்கார்ந்துவிட்டார். "இன்னாடா இது, கொள்ளைக்காரன் மாதிரி இருக்குது?"

"நீங்க சொல்றதுதானே மாமா."

"வாயால சொல்றது வேற. இதை உலகமே பாக்கும்டா."

உள்ளேயிருந்து அத்தை: "ஊர்ல இருக்கறவன் கேட்டா கூச்சம் இல்ல. அமெரிக்காக்காரன் பாத்தா மட்டும் வந்துடுது!"

பிறகு மாமா தன்னோடு தானே பேரம். "சரி, ரெண்டு மடங்குன்னு போடு." சிறிது நேரம் கழித்து: "கேன்சல் பண்ணா பாதி குடுத்துடலாம்." வாசல்வரை போய்த் திரும்பி வந்து: "செத்துட்டா முழுசும்."

"யாரு மாமா?"

"ரூம் எடுத்தவன்தாண்டா!"

அப்படியே ஏற்றினேன். ஹீட்டர் ஞாபகமே வரவில்லை.

29-10, திங்கள். வெயில். பத்து மணிக்கு அனுமதி வந்தது! பதினொன்றுக்கு முதல் புக்கிங். தீபத்துக்கு. சிங்கப்பூர்ப் பெரியவர் ஒருவர். மாமா ஸ்கிரீனுக்குக் கற்பூரம் காட்டினார். நல்லவேளை, மானிட்டர் தப்பித்தது.

பன்னிரண்டுக்கு ரத்து.

மாமா விதிமுறைப் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு, மெதுவாக: "செத்துட்டாரான்னு கேளு. இல்லன்னா பாதிதான்."

இருக்கிறார். காரணம் எழுதியிருக்கிறார்: 'ஹீட்டர் வைக்கும் அளவுக்குக் குளிரும் ஊர் என்று தெரியாது. எனக்கு ஆஸ்துமா.'

இனி:
1. பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்புவது.
2. ஹீட்டர் வரியை அழிப்பது. முதலில் இது.
3. பெரியவருக்குப் போன் செய்து, இங்கே வேர்த்துக் கொட்டுகிறது என்று சத்தியம் செய்வது.
4. காரணத்தை மாமாவிடம் சொல்லாதிருப்பது.
5. எந்தச் சாவி எந்த ஆணியில் என்று பார்த்து வைப்பது. எதற்கும்.