எம்.எட். விண்ணப்பத்தில் அகல்விளக்கு

என்னங்க,

எம்.எட். நேர்காணலுக்குக் கிளம்புகிறேன். இன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ் கிடைக்காது. தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. ராத்திரி கோபத்தில் சாப்பிடாமல் படுத்தீர்கள், ரெண்டு ஜாஸ்தியாகவே ஊற்றிக்கொள்ளுங்கள்.

‘ஏன் மேலே படிக்க விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘அறியாமை இருள் அகற்றும் அகல்விளக்கு நான்’ என்று நீங்கள் எழுதித் தந்ததை அழித்தது நான்தான். எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? ‘பின்னக் கணக்கு நடத்துகிறேன், பாதி வகுப்புக்குப் புரிவதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதினேன். “என் தமிழையே அழிச்சிட்டியா?”ன்னு நீங்க குதிச்சது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

அன்புச்செல்வி

பி.கு.: இந்த வயசில் நேர்காணல் என்பதால் சான்றிதழ்களை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பத்து மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க. பேச வேண்டாம், கோபம் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.