புரட்டாசியில் லங்காவி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்று மாதமாகப் போனில் விலையைப் பார்த்துப் பார்த்து, இன்றைக்கு லங்காவியில் கடல் தெரியும் அறையைப் பாதி விலைக்குப் பிடித்துவிட்டேன். செப்டம்பர் கடைசி, மழைக்காலம், பள்ளி விடுமுறையும் இல்லை. ரத்து செய்தால் பணம் திரும்பாது. அதனால்தான் அந்த விலை.

சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். மாமியார் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அது புரட்டாசியாச்சேம்மா."

எல்லா வாரத்தையும் அலசியவள், அடுப்படியில் தொங்கும் தமிழ் காலண்டரை ஒரு தடவை பார்க்கவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டோம். என் வீட்டுக்காரரோ வருஷம் முழுக்க லங்காவி நண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்.

விழுந்து விழுந்து சிரித்தார். "தீவுக்குப் போயி தயிர் சாதமா? நல்லா பிளான் பண்ணே லா!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரைஸ் குக்கரை நானே தூக்கிட்டு வரேன். மழை பெஞ்சாலும் போறோம்."

"ஊறுகா நான் எடுத்துக்கிறேன்" என்றார் மாமியார். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர், இன்னொரு தீவைப் பார்த்ததில்லை.

பாத்திரம் கழுவும்போது, கூடத்தில் இவர் தன் அக்காவிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. "பாதி விலைக்கா! என் பொண்டாட்டி பிடிச்சா லா. நீ டிசம்பர்ல போயி ரெண்டு மடங்கு கொடுத்தியே!" நண்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

குழாயை மூடிவிட்டு, கை நிறைய சோப்பு நுரையோடு மீதியையும் நின்று கேட்டேன்.