இரண்டு தடவை அமுக்கியவள்

7, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மலைமேல் மேகம் கூடி நிற்கிறது, இறங்குவதாக இல்லை.

புதுப் புகார் ஒன்று. எங்கள் கம்பெனி நூற்பாலைகளுக்குச் செய்து கொடுக்கும் கன்ட்ரோல் பெட்டி பற்றி. மெஷினின் செட்டிங் எல்லாம் அதற்குள்தான். அவற்றைச் சேமிக்கும் டிரைவர் மென்பொருள் என் பொறுப்பு, வேலை வீட்டிலிருந்தே. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு மில். கரண்ட் போய் வந்த பிறகு செட்டிங் மொத்தமும் குப்பை, ஒரு ஷிப்ட் நூல் வீண். பெங்களூரிலிருந்து மேனேஜர் கே. எழுதிய முடிவு ஒரே வரி: "ஆபரேட்டர் தவறு. சேவ் செய்யாமல் அணைத்திருக்கிறார்."

பெட்டியின் பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை அந்த மனுஷன். நான் பார்த்தேன். கரண்ட் போனதும் பெட்டி பாட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் சேவ் பட்டனை அமுக்க வேண்டும், பச்சை விளக்கு வந்ததும் அணைக்க வேண்டும். அந்த ஆபரேட்டர் அமுக்கியிருக்கிறார். பச்சையும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அணைத்திருக்கிறார். இதில் அவர் தவறு எங்கே?

போனில் கே.: "லேப்ல எத்தனையோ தடவை ஓட்டியாச்சு, வரலை. மூடிடுங்க."

கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா: "ஏட்டி, யார்ட்ட இந்தக் கத்து கத்துத? பக்கத்து வீட்டுல எட்டிப் பாக்காவ."

பார்க்கட்டும்.

8, புதன்

காலை முழுக்க முயற்சி. வீட்டு மேஜையில் அதே பெட்டி, அதே மென்பொருள். சேவ், பச்சை, அணை. ஒழுங்காகவே வருகிறது. எரிச்சல்.

கே.யின் யோசனை: பச்சை விளக்கை அரை வினாடி தாமதமாக எரிய வைத்தால் போதுமாம். காரணம் தெரிய வேண்டாமாம். இதற்கு எதற்கு இன்ஜினீயர்?

மில் மெயின்டனன்ஸ்காரரிடம் போன் செய்தேன். "அந்தப் பிள்ளையா? அத மெஷின விட்டு எடுத்துட்டாவல்லா. கழிவுப் பஞ்சு கூட்டுது. தப்பு எம்மேலதான்னு லெட்டரும் எழுதி வாங்கியாச்சு."

எங்கள் ஆபீசின் ஒரு வரியை வைத்துத்தானே இதெல்லாம்.

கேஸ் சிலிண்டர் புக் செய்ய. அம்மா பிரஷர் மாத்திரை. நாளை மில்லுக்கு நேரில்.

9, வியாழன்

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மில்லுக்குள் காது அடைக்கும் சத்தம், காற்றெல்லாம் பஞ்சு.

அவள் பெயர் செல்வராணி. சேத்தூர்க்காரி. இருபத்தைந்து இருக்கலாம். கையில் துடைப்பம். அன்று செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்தார்: "அவளுக்கு என்ன தெரியும் மேடம், நான் காட்டுதேன்." உங்களைக் கேட்கவில்லை என்றேன்.

அவள் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அமுக்கினாள். டக், டக்.

"ஏன் ரெண்டு தடவை?"

"பட்டன்ல பஞ்சு அடைஞ்சிரும்க்கா. ஒரு தடவ அமுக்குனா சில நேரம் புடிக்காது. இங்க எல்லாரும் ரெண்டு தடவதான். சேந்த அன்னைக்கே அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாவ."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பி யாரையோ அதட்டப் போய்விட்டார்.

மற்றவர்களும் இரண்டு தடவைதான், ஆனால் விட்டு விட்டு அமுக்குகிறார்கள். இவள் விரல் வேகம். ஏசி ரூமில் சுத்தமான பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு நாங்கள் தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

வாசல் வரை வந்தாள். "நாந்தான் தப்பு பண்ணிட்டனாக்கா? வீட்டுலயும் அப்பிடித்தான் நெனைக்காவ."

இல்லை என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

10, வெள்ளி

பிடித்துவிட்டேன். அவளைப் போலவே டக் டக் என்று அமுக்கினேன், பதினொன்றாவது முயற்சியில் குப்பை.

நடப்பது இது. சேவ் கட்டளைகள் இரண்டு, ஒன்றை ஒட்டி ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து டிரைவரில் 'முடிந்தது' என்ற குறி ஒன்றே ஒன்று. முதல் கட்டளை முடிந்ததும் இரண்டாவதும் முடிந்ததாக எடுத்துக்கொண்டு பச்சையைக் காட்டுகிறது, தகவல் இருந்த இடத்தையும் காலி செய்துவிடுகிறது. இரண்டாவது அப்போதுதான் பாதி எழுதிக்கொண்டிருக்கும். காலியான இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார, அதையும் சேர்த்து எழுதிவிடுகிறது. எது முந்துகிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் தப்பிக்கும், ஒரு நாள் மாட்டும்.

எந்த மடையன் எழுதினான் என்று பழைய பதிவைத் தேடினேன். எழுதியவன் வேலையை விட்டுப் போய்விட்டான். கீழே, "படித்துச் சரிபார்த்தவர்": என் பெயர்.

தீபாவளி லீவுக்கு முந்தைய நாள். அப்போது பெங்களூரில் இருந்தேன், ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். படித்த ஞாபகமே இல்லை.

மூன்று நாளாக ஊரையெல்லாம் ஏசினேன். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கு, உப்பு கூடுதல் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

12, ஞாயிறு

கட்டளைக்கு ஒரு குறி, தனித்தனியாக. குறியைத் தொடும் இடத்தில் பூட்டு. ஒன்று வெளியே வந்த பிறகே அடுத்தது உள்ளே. மொத்தம் இருபது வரிகூட இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்டியை டக் டக் என்று தானாக அமுக்கவிட்டேன். ஒரு தடவைகூடக் கெடவில்லை.

கே.: "சூப்பர். மில்லுக்குப் போற குறிப்புல 'வேகம் கூட்டப்பட்டது'ன்னு போட்டுடுவோம்."

'எங்கள் பிழை திருத்தப்பட்டது' என்று எழுதினேன். அழித்தார். திரும்ப எழுதினேன். அழித்தார். என்ன திமிர்.

15, புதன்

ஒரு வழியாக மழை. புது மென்பொருளை நானே கொண்டுபோய் ஏற்றினேன். செல்வராணி மறுபடி மெஷினில். எனக்கு வந்த ஆறுதல் செத்த நேரம்தான்.

அந்த லெட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சூப்பர்வைசர்: "அது பைல்ல கெடந்துட்டுப் போகுது மேடம். மெஷின்தான் திருப்பிக் குடுத்தாச்சே."

எடுங்கள் என்றேன். எடுக்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கோடு போட்ட தாள். "எனது கவனக்குறைவால்" என்று தொடங்குகிறது. யாரோ சொல்லச் சொல்ல அவள் எழுதியது. 'கவனக்குறைவு' என்பதை ஒரு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறாள்.

அதன் கீழேயே எழுதினேன்: இவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பிழை எங்கள் மென்பொருளில். அதைப் படிக்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். பெயர், தேதி.

"கம்பெனிக்குத் தெரியுமா மேடம் இது?" என்றார் சூப்பர்வைசர். தெரியும், கே.க்கு போட்டோ அனுப்பிவிட்டேன் என்றேன்.

செல்வராணி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். சிரிக்கவில்லை.

"இதுக்கு ஒங்கள எந்த வேலைக்குக்கா மாத்துவாவ?"

எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.