செருப்பை எண்ணியவனுக்கு

இன்று காலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உன் முகத்தை இருபது அடி உயரத்தில் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி பேனர். கூலிங் கிளாஸ், கழுத்தில் விசில், முதுகுக்குப் பின்னால் நீலமாகக் கடல். 'சுற்றுலாச் செம்மல்' என்று போட்டிருக்கிறார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். செத்த பிறகும் என்னை ஒரு டீ நிம்மதியாகக் குடிக்க விடமாட்டாய் போலிருக்கிறது.

நீ போன மறுநாளே உன் வீட்டுக்காரம்மா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பாம். பதினோரு வருஷம் உன் வேனை ஓட்டியவன் என்பதால் நான்தான் நாலு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டுமாம். யோசித்துப் பார்த்தேன். இரண்டுகூடத் தேறவில்லை. அதனால் மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்பது ஒன்றுதான் எனக்கு வசதி.

புதுச்சேரிக்கு நீ நடத்தியது டூரா? ஒரே நாள், ஒன்பது இடம். மணக்குள விநாயகரை ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் வாசலில் விசில். காந்தி சிலையடியில் போட்டோ எடுக்க நின்றால் விசில். ஆரோவில்லில் அந்தப் பொன் உருண்டையைத் தூரத்தில் இருந்தே கை காட்டி, "அதோ தெரியுது பாரு, அதான். பாத்தாச்சு, ஏறு" என்பாய். பழைய கலங்கரை விளக்கத்தில் வெள்ளைக்காரன் தினம் நூறு படி நெய் ஊற்றி எரித்தான் என்று நீ அளந்ததை மறப்பேனா? எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர், மாடு வளர்ப்பவர், அது என்ன மாட்டு நெய் என்று கேட்டார். கொஞ்சமும் கூசாமல் பிரெஞ்சு மாடு என்றாய். அவர் ஊருக்குப் போய் அதை எத்தனை பேரிடம் சொன்னாரோ.

கடைசி இடம் வீராம்பட்டினம் கடற்கரை. அங்கே உனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாய். ஒரு டிரிப்பில் யாருடைய செருப்பையோ அலை அடித்துக்கொண்டு போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது. அதிலிருந்து எல்லோரும் வேன் படிக்குப் பக்கத்தில் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் மணலில் இறங்க வேண்டும். திரும்பி வருகிறவர்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். தரையில் ஒன்றும் இல்லையென்றால் ஆள் எல்லாம் வந்தாச்சு. தலையை எண்ண உனக்குச் சோம்பல். "ஜோடி மிச்சமில்ல, ஆள் மிச்சமில்ல. எடுடா வண்டிய" என்பாய். கெட்டிக்காரன் என்று நானே உன்னை மெச்சியிருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாசம். யாரோ வரவில்லை என்று காலியான சீட்டில் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வெள்ளச்சி என்ற அம்மாவை ஏற்றினாய். ஐம்பது வயசிருக்கும். கடலைப் பார்த்ததே இல்லை என்று மகன் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனான். வேனில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் செருப்பே போட்டதில்லை.

அன்றும் தரையில் ஜோடி மிச்சமில்லை. நீ சொன்னாய், நான் எடுத்தேன். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோதுதான் கடைசி சீட்டில் அவருடைய துணிப்பை தனியாகக் கிடந்ததைப் பார்த்தோம். உள்ளே கடுக்காயும் ஒரு மாற்றுப் புடவையும். வண்டியைத் திருப்பலாம் என்றேன். நீ டீயை ஊதிக்கொண்டே சொன்னாய்.

"மொதல்ல இவங்கள வூட்ல எறக்கு. அது எங்க போயிடப் போவுது? கடல்ல ரோடா போட்டு வெச்சிக்கீறான்?"

நீ முதலாளி. நான் கேட்டுக்கொண்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் நானாகத்தான் போனேன். நீ வரவில்லை. மீன்காரப் பெண்கள் சோறு போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். படகு நிழலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து கூடவே வந்தார்.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு கரியாலூர் போய்ச் சேர்வதற்கு முன்பே உன் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. டிரைவர் அவசரப்பட்டு எடுத்துவிட்டான், சொல்லச் சொல்லக் கேட்கவில்லை என்று. அவர் மகன் ஊர் நடுவில் என் சட்டையைப் பிடித்தான். இனிமேல் நான் வண்டியோடு இந்த மலை ஏறக்கூடாது என்றார்கள். அந்த மலையில் இருக்கும் பெரியார் அருவிக்கு வாரம் மூன்று டிரிப் போய்க்கொண்டிருந்தவன் நான். அந்தப் பிழைப்பு அன்றோடு போயிற்று. உன்னிடம் வந்து ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். உனக்கென்ன, நீ டிரைவர், எனக்குப் பேர் கெட்டால் கம்பெனியே போய்விடும் என்று சிரித்தாய். அந்தச் சிரிப்போடுதான் இப்போது பேனரிலும் நிற்கிறாய்.

நீ போன சேதி வந்த மூன்றாம் நாள் கரியாலூருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை உன் படத்துக்கு முன்னால் நின்று, யார் செய்த தப்பு என்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அதற்கு முன் வெள்ளச்சியம்மா வாயால் என்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை வேண்டும். அவர் வாசலில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். யாரென்று உடனே தெரிந்துகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் செருப்பு எண்ணும் கதையை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். முறம் நின்றுவிட்டது.

"அவுரு செருப்பயாச்சும் எண்ணிக்கினு இருந்தாரு. நீ இன்னாத்த எண்ணுன, தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் கடைசி சீட்டுவரை தெரியும். அன்றைக்கு நான் நிமிர்த்தவில்லை. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் ஆளை எண்ணுவதற்காக நிமிர்த்தியதில்லை. மலை இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பற்றி நல்லது சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கெட்டது சொல்லலாம் என்று ஆறு வருஷம் காத்திருந்தேன். இனி அதற்கும் வாயில்லை. பாவி, நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கேள்வியை என் தலையில் கட்டிவிட்டு.